பார்க்காத பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

என் கணவர் வெஸ்ஸுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் லோரா, தினமும் நடப்பதைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் தூங்கினார், எதைக் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் வாங்கிப் படித்துவிடுவாள். ஆகவே தமிழில் எழுதுகிறேன். அவளுக்கு வேண்டியதை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

வெஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் கால்பந்தில் பதினொரு வருஷம் குவார்ட்டர்பேக்காக நின்றவர். பந்தை முதலில் வாங்குபவரும், அது யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவர்தான். மைதானத்தின் அந்தக் கோடிவரை பந்தை எறிந்த கையைத் தலையணைமேல் வைத்தால், வைத்த இடத்திலேயே கிடக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட். அவர் தோளைச் சரிசெய்யப் போய்த்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். இந்தக் கையை என்னால் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். தினமும் நீவிவிடுகிறேன்.

காலையில் ஓட்ஸ் அரைக் கிண்ணம். மதியம் ரசம் சாதம், கரைத்து.

ஜூன் 9, திங்கள்

லோரா ஒரு பிளாஸ்டிக் அட்டை கொண்டுவந்தாள். கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிகிறது. இடது ஓரம் ஒரு படம், வலது ஓரம் ஒரு படம். நாம் எதிரே பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும், அவர் கண்ணால் பதில் சொல்வார்.

முதலில் பரீட்சை. சாவி எது, நாய் எது, குடை எது. எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தார். மனுஷர் உள்ளேதான் இருக்கிறார்.

லோரா விதியைச் சொல்லிக்கொடுத்தாள். "எதை ரொம்ப நேரம் பாக்குறாரோ அதுதான் பதில். கடைசியில கண்ணு மறுபக்கம் ஓடும். அதைக் கணக்குல எடுக்காதீங்க. அது களைப்பு."

ஜூன் 12, வியாழன்

காப்பியா டீயா என்று கேட்டேன். காப்பியைப் பார்த்தார். போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. கொட்டினேன்.

ஜூன் 21, சனி

பொள்ளாச்சியிலிருந்து என் அக்கா ருக்குமணி வந்துவிட்டார். மூன்று மாதம் இருப்பார். டெட்ராய்ட் விமான நிலையத்தில் சேலைமேல் ஸ்வெட்டர், காலில் ஷூ. கோடைகாலத்துக்கு எதுக்கக்கா ஸ்வெட்டர் என்றால், "அமெரிக்கான்னா குளுரும்னு சொன்னாங்க கண்ணு" என்கிறார்.

வீட்டுக்குள் வந்ததும் நேராக வெஸ்ஸின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, நல்லா இருக்கறீங்களா? நானு வந்துட்டேன், இனி ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க." வெஸ்ஸுக்குத் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனாலும் அக்கா பேசப்பேச முகம் தளர்ந்தது. நான் பேசினால் அப்படித் தளர்வதில்லை. நான் மாத்திரையோடு வருகிறவள்.

ஜூலை 4, வெள்ளி

ஊரெல்லாம் வெடிச் சத்தம். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, நீலமா சாம்பலா, எந்தச் சட்டை என்று அட்டையைக் காட்டிக் கேட்டேன். நீலத்தையே பார்த்தார். கையை வளைத்து, முதுகைத் தூக்கி, வேர்த்து விறுவிறுத்துப் போட்டு முடித்தேன். இடது கையால் பொத்தானைப் பிடித்து இழுக்கிறார். கழற்றச் சொல்கிறாராம். கேட்டதும் அவர், வேண்டாம் என்பதும் அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினேன்.

அக்கா சாம்பல் நிறச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டினார். வெஸ் பொத்தானைத் தொடவில்லை.

"பாத்தியா, இதுதான் வேணும்னு இருந்திருக்குது" என்றார் அக்கா.

"அப்புறம் எதுக்கு நீலத்தப் பாத்தாரு?"

"அது எனக்கென்ன தெரியும். எங்கூட்டுக்காரரும் அப்படித்தான். தோசை கேப்பாரு, சுட்டு வெச்சா ஊத்தாப்பம்பாரு."

ஜூலை 15, செவ்வாய்

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் பேசினான். ஜெயிக்கிற குவார்ட்டர்பேக்கை உருவாக்குவது எது என்று கட்டுரை எழுதுகிறானாம். வெஸ்ஸால் பேச முடியாது என்று சொன்னதும், "அப்ப நீங்க சொல்லுங்க" என்றான். சாமர்த்தியசாலி.

கை பலம் என்று எல்லாரும் சொல்வார்கள். கை பலம் உள்ளவன் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பான். ஞாபகசக்தி வேண்டும். ஒவ்வொரு ஆட்ட உத்திக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமான பெயர். கூட்டத்தின் இரைச்சலில் அதைக் காதில் வாங்கி, தடுமாறாமல் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும். குரல் வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் பயம் தெரியாத குரல். மலை மாதிரி நாலு பேர் மேலே விழ ஓடிவரும்போது நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். ஓடுவதற்கு எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் சொன்னேன். அவன் டக்டக்கென்று தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அவன் கேட்காத ஒன்றையும் சொன்னேன். ஆட்டத்துக்கு முன்னால் வெஸ் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவன் பக்கத்திலும் போய் உட்காருவார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார். பேச்சு வீட்டைப் பற்றி, கண் அவன் முழங்காலில். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அப்படியே தெரிந்துகொள்வார். வலிக்கிறவன் எகிறிப் பிடிக்க வேண்டிய பந்தை அன்றைக்கு அவனுக்கு எறியவே மாட்டார். மார்புக்கு நேராக எறிவார். பயிற்சியாளர் திட்டினால் வாங்கிக்கொள்வார்.

"அதுக்கு ஏதாவது புள்ளிவிவரம் இருக்கா?" என்றான் பையன்.

இல்லை என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

குளியலறையில் அவரைத் தூக்கும்போது என் முதுகில் ஏதோ பிடித்து இழுத்தது. இருவரும் தரையில். அவர் என்மேல். அக்கா வந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவரும்வரை அப்படியே கிடந்தோம். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அது.

ஸ்கேன் எடுத்தாயிற்று. முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கியிருக்கிறது. ஆள் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். இதே வாக்கியத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"தூக்கறதுக்கு மிஷினு இருக்குதாமே கண்ணு. நம்மூரு ஆசுபத்திரிக்கே வந்துருச்சு" என்றார் அக்கா. லோரா அதைப் பற்றி ஏதோ தாள் கொடுத்திருக்கிறாள். ஃபிரிட்ஜ் மேலே கிடக்கிறது. படிக்க நேரமில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பராமரிப்பு இல்லம் ஒன்று ஏரிக்கரையில் இருக்கிறது. அக்கா ஊருக்குப் போன பிறகு நான் தனியாக என்ன செய்வேன் என்று லோராதான் அந்தப் பேச்சை எடுத்தாள். இல்லத்துக்காரர்கள் நல்ல மாதிரி. ஆனால் அவர் சம்மதம் வேண்டும் என்றேன். அவரைக் கேட்காமல் எதுவும் கிடையாது என்றேன்.

இன்று கேட்டோம். இடதுபக்கம் எங்கள் வீட்டுப் படம், வலதுபக்கம் இல்லத்தின் படம். லோரா தெளிவாக, மெதுவாகக் கேட்டாள். "வெஸ், நீங்க எங்க இருக்க ஆசைப்படுறீங்க?"

இல்லத்தைப் பார்த்தார். இமைகூடத் தட்டாமல் அதையே பார்த்தார். அட்டையை இறக்கப்போகும்போது வீட்டுப் பக்கம் ஒருதரம் கண் ஓடிற்று. களைப்பு.

இன்னொருமுறை கேட்டாள். அதே பதில்.

நான் கார் நிற்கும் கொட்டகைக்குப் போய் அழுதேன். இருபத்துநான்கு வருஷம். கோயம்புத்தூரில் என் அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தார், இவருக்காக. இவருக்கு நான் இல்லாத இடம் வேண்டுமாம். சட்டைக்குக் கத்தினேனே, அதனாலா? மாத்திரையோடு வருகிறவள் என்பதாலா?

மதியம் படுத்தேன். சாயங்காலம்வரை அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். அப்படித் தூங்கி எவ்வளவோ நாளாயிற்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கொண்டுபோய் விட்டோம். ஏரி தெரியும் அறை. சுவரில் அவருடைய பழைய அணிச் சட்டையை மாட்டினேன். தாதிகளில் ஒருத்தி அவரோடு படம் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா இவருடைய ரசிகராம்.

கிளம்பும்போது அக்காதான் அழுதார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதுகு தேவலை.

ஆகஸ்ட் 30, சனி

தினமும் மதியம் போய் வருகிறேன். இரண்டு பவுண்டு எடை குறைந்திருக்கிறார் என்றார்கள். காப்பி வேண்டும் என்கிறார், கொடுத்தால் குடிப்பதில்லையாம். "அவருக்கு அது பழக்கம்" என்று சொல்லிவைத்தேன்.

நானும் அக்காவும் கடைக்குப் போனோம். நான் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். கூந்தலை வெட்டிக்கொண்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல, மொகத்துல தெளிச்சி வந்துருக்குது" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த வருஷத்து ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. போட்டிக்கு முன்னால் பழைய காட்சிகள் காட்டினார்கள். அதில் வெஸ்ஸும் வந்தார். முப்பத்திரண்டு வயது. அக்கா சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இவருதானா? எம்மாடி, எத்தனை ஒசரம்."

ஒரு எறிதலைத் திரும்பத் திரும்ப, மெதுவாக ஓடவிட்டார்கள்.

"ஏங் கண்ணு, மாப்ள அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறாரு. பந்து இந்தப் பக்கமல்ல போகுது?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. விளக்கினேன். "அதுதாங்க்கா வித்தையே. எதிரணியில பின்னால ரெண்டு பேரு காவலுக்கு நிக்கறாங்க பாருங்க, அவங்க பந்தப் பாக்கறதில்ல. இவரு கண்ணத்தான் பாக்கறாங்க. கண்ணு எங்க போகுதோ அங்க ஓடுவாங்க. அதனால எறியப்போற பக்கத்த இவரு பாக்கவே மாட்டாரு. வேண்டாத பக்கத்தையே மொறச்சுப் பாத்து, எல்லாரையும் அங்க இழுத்துட்டு, கடைசி நொடியில திரும்பி இங்க எறிவாரு. நல்ல கையிருந்தும் தோத்தவங்க எல்லாம் இது வராமத்தான் தோத்தாங்க. மனசுல இருக்கறது கண்ணுல தெரிஞ்சா அவ்வளவுதான். வெஸ் பள்ளிக்கூடத்துல இருந்து பழகினது. சாப்பாட்டு மேசையில உப்ப எடுக்கறதுக்கும் சர்க்கரையப் பாத்துட்டு எடுப்பாரு, அவ்வளவு ஊறிப்போச்சு."

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று பார்க்கப் போகவில்லை. முதுகு.

செப்டம்பர் 14, ஞாயிறு

போகும் நாட்களில் அட்டையை எடுத்துப் போவதில்லை. வீட்டிலேயே இருக்கிறது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார். "போயிக் கேட்டியா?"

"என்ன கேக்கறது?"

"அன்னிக்கு மாப்ள ஊட்டு படத்த எப்பப் பாத்தாரு? கடைசியாத்தான?"

"அது களைப்புக்கா. லோரா சொன்னா."

"காப்பி வேணும்னு பாத்துட்டுக் குடிக்கலையே, அதுவுங் களப்பா? நீலச் சட்டை?"

சாவி, நாய், குடை எல்லாம் சரியாகத்தானே காட்டினார் என்றேன். மூளையில் அடிபட்டவர், கண் எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும் என்றேன். நான் படித்த படிப்பையெல்லாம் கொட்டினேன். அக்கா குழாயை மூடினார்.

"சாவி எதுன்னு கேட்டா அவருக்கு மறைக்கறதுக்கு என்ன இருக்குது? உனக்கு எது வேணும்னு கேட்டாத்தான கண்ணு மறைக்கோணும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவுக்கு இரண்டு மருமகள்கள், நான்கு கைகள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபிரிட்ஜ் மேலிருந்த தாளை அவர் எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறார். தூக்கும் கருவியின் படம் போட்ட தாள். அதன்மேல் குழம்புச் சட்டியை வைத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அக்கா ஊருக்குப் போய்விட்டார். விமான நிலையத்தில் என் கன்னத்தைத் தடவினார்.

"உன்னைய நானு ஒண்ணும் சொல்லல கண்ணு. ஒடம்பு உன்றது, கஷ்டம் உன்றது. ஆனா அவரத் தப்பாப் புரிஞ்சுட்ட மாதிரியே இருந்துக்காத. உன்ற மனசுல இருக்கறத அவருகிட்ட நேராச் சொல்லிப்போடு. அவரு தாங்கிக்குவாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே பனிமூட்டம். வீட்டுக்கு வந்து எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டேன்.

செப்டம்பர் 27, சனி

தோட்டத்துப் புல்லை வெட்ட ஆள் வந்தான். தண்ணீர்க் குழாய் சரிசெய்தாயிற்று. வெஸ்ஸுக்கு இன்னும் எடை குறைந்திருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

அட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் காப்பியும் டீயும். காப்பியை முறைத்துப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அட்டையை லேசாக இறக்கினேன். சட்டென்று கண் டீக்குப் போனது. கண் இமைக்கும் நேரம்தான். டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். நாலு மாதமாக அவருக்கு நான் காப்பியைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். இரண்டு படங்களையும் பையிலிருந்து எடுத்தேன். "எங்க இருக்க ஆசை, வெஸ்?" என்று கேட்டேன்.

இல்லம். இல்லம். இல்லம். பிறகு, கடைசியில், வீடு.

திருப்பிக் கேட்டேன். படங்களை இடம் மாற்றி ஒட்டிக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் கடைசியில் வீடு. ஆகஸ்ட் மாதமே சொல்லியிருக்கிறார். என்னைவிட்டுப் போக அவர் ஆசைப்படவே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எனக்குப் புரிஞ்சுருச்சு, வெஸ். இப்பத்தான் புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு மாசமாத் தெரியும்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். முதுகைப் பற்றிச் சொன்னேன். அக்கா போய்விட்டதைச் சொன்னேன். கருவியைப் பற்றியும் சொன்னேன், அது வந்தால் முடியும் என்கிறார்கள் என்று. "ஆனா என்னால முடியல" என்றேன். அப்புறம் இன்னும் சிலது சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பேசி முடித்ததும் அவருடைய இடது கை என் முழங்காலுக்கு வந்தது. மெதுவாக இரண்டு தரம் தட்டினார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று தாதி சொன்னாள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் லோராவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை நாங்கள் தலைகீழாகப் படித்ததை, காப்பியை, நீலச் சட்டையை, வீட்டை. "அப்ப மறுபடியும் முறைப்படி கேட்டாகணும்" என்றாள். "வீடுன்னு சொன்னா வீட்டுக்குத்தான் ஏற்பாடு பண்ணணும். நீங்க தயாரா?" கேட்போம் என்றேன்.

மதியம் இருவரும் போனோம். அவருக்கு முகம் மழித்துவிட்டிருந்தார்கள். சாம்பல் சட்டை. லோரா கேள்வியைக் கேட்டாள். நான் அட்டையைப் பிடித்தேன். இடதுபக்கம் வீடு, வலதுபக்கம் இல்லம்.

வெஸ் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு இல்லத்தைப் பார்த்தார்.

"இருங்க, கடைசியில மாறும்" என்றேன் லோராவிடம்.

அட்டையை லேசாக இறக்கினேன். மாறவில்லை. முழுக்க இறக்கி மறுபடியும் தூக்கினேன். படங்களை இடம் மாற்றினேன். கண்ணும் இல்லத்தோடேயே இடம் மாறியது, அங்கேயே நின்றது.

"இவ்வளவு தெளிவா இவரு இதுவரைக்கும் பதில் சொன்னதே இல்ல" என்றாள் லோரா. "கண்ணு கொஞ்சம்கூட அலையல. நேத்து நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்றேன்.

அவள் பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. அட்டையை இறக்க மனம் வரவில்லை. "வெஸ், வீட்டப் பாருங்க" என்றேன். "ஒரே ஒரு தரம் பாருங்க. கூட்டிட்டுப் போயிடறேன்." கை கடுக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்க்கவே இல்லை.